தகடூரின் தகடு

உங்கள் காரின் முன்கதவை விரல் மடக்கி ஒருமுறை தட்டிப் பாருங்கள். கைப்பிடிக்குக் கீழே, தகடு அகன்று விரிந்திருக்கும் இடத்தில். 'டங்' என்று எழும் ஒலி உடனே போய்விடாது. காலி எண்ணெய் டின்னுக்குள் கல் விழுந்தாற்போல அங்கேயே சற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். இனி அதே கதவை, தருமபுரியில் ஒரு கார் டெகார்ஸ் பட்டறையில் இரண்டு நாள் விட்டு எடுத்தபின் தட்டிப் பாருங்கள். 'தொம்.' பழைய வீட்டுத் தேக்குக் கதவைத் தட்டினாற்போல, சுருக்கமாக, கனமாக, கண்ணியமாக ஒரு சத்தம். அந்தத் 'தொம்' மேல் எனக்கு வந்த மோகத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தருமபுரியின் சங்ககாலப் பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர், ஔவை வந்து தங்கிய ஊர் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை எழுதிய பெயர்தான். அதற்குள் ஒரு தகடு ஒளிந்திருப்பது, பட்டறையில் பிரித்துப் போட்ட கதவின் முன்னால் நின்றபோதுதான் என் கண்ணில் பட்டது. ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் மன்னிக்க வேண்டும். இது ஆராய்ச்சி இல்லை, ஆசை. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத எஃகுத் தகட்டுக்கு அடங்கி உட்காரக் கற்றுக்கொடுக்கும் வேலை தகடூரில் நடக்கிறது என்பதில் எனக்கு அப்படியொரு திருப்தி.

என்னுடையது எட்டு வருடப் பழைய சின்னக் கார். கம்பெனியிலிருந்து வரும்போதே பொருத்தப்பட்டிருந்த செட். பாட்டு எப்போதும் முழங்காலுக்குக் கீழிருந்துதான் வரும். பாடுகிறவர் என் செருப்புக்குப் பக்கத்தில் குந்தியிருப்பதுபோல. சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு கடையில் இதைச் சொன்னபோது, டிக்கியில் பெரிய ஊஃபர் ஒன்றைத் திணித்து அனுப்பினார்கள். பின்கண்ணாடி நடுங்கியது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். பாட்டை மட்டும் காணவில்லை.

தருமபுரிப் பட்டறைக்காரர் எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று கேட்கவில்லை. "என்ன பாட்டுங்க கேப்பீங்க?" என்றார். சொன்னேன். "சத்தமா கேப்பீங்களா, மெதுவா கேப்பீங்களா? தனியா போவீங்களா, வீட்ல இருக்கறவங்களோடவா?" வைத்தியர் நாடி பிடிப்பதுபோல இருந்தது. பிறகு கதவைத் தட்டினார். 'டங்.' சிரித்தார். அதிலேயே நோயின் பெயர் அவருக்குத் தெரிந்துவிட்டது.

டோர் பேடைக் கழற்றுவதே ஒரு நளினம். பிளாஸ்டிக் நெம்பியை ஓரத்தில் நுழைத்து, ஒவ்வொரு கிளிப்பாக, 'டப்' 'டப்' என்று பூப்பறிப்பது போல விடுவிக்கிறார். அவசரக்காரர் கை பட்டால் கிளிப்பு உடையும். உடைந்த ஒரு கிளிப்பு நாளைக்கு ஆயிரம் பாட்டுக்கும் 'கிர்ர்' என்று பின்பாட்டுப் பாடும். ஆகவே கழற்றிய கிளிப்புகள் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, நைந்தவற்றைத் தள்ளிவிட்டுப் புதியதை எண்ணி எடுத்து வைக்கிறார். ஓர் ஆசாரியின் மேஜையில் உளிகள் வரிசையாக இருக்குமே, அப்படி.

பேடு விலகியதும் உள்ளே பார்க்கிறோம். மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதற்குப் பின்னால் கண்ணாடி ஏறி இறங்கும் யந்திரம், பூட்டுக்கம்பி, ஒயர்கள், கைநுழையும் அகலத்தில் ஓட்டைகள். இந்த ஓட்டைகளில்தான் பாட்டு இத்தனை காலம் கசிந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்தும். அதே கணத்தில் பின்பக்கக் காற்று இளகும். இரண்டும் ஓட்டை வழியே சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதல் பலி கீழ்ஸ்தாயி. மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிடாரின் நடையும் என் காரில் எட்டு வருடம் இப்படித்தான் கதவுக்குள்ளேயே உயிர்விட்டன. வீணையின் குடத்தை எவனாவது ஓட்டை போட்டுச் செய்வானா? கார்க் கதவு ஸ்பீக்கருக்குக் குடம். அதை முதலில் குடமாக்க வேண்டும்.

அதற்கான பொருள் கறுப்பு பியூட்டைல் ரப்பர். இரண்டு மில்லிமீட்டர் தடிமன், மேலே வெள்ளிக்காகிதம் போல அலுமினிய முகம். பட்டறை மொழியில் 'டேம்பிங் ஷீட்'. ஒட்டும் முன் தகட்டை தின்னர் தொட்ட துணியால் துடைக்கிறார். எட்டு வருடத்து நெடுஞ்சாலைத் தூசி, கறுப்பாக, துணியில் வந்து படிகிறது. பிறகு ஷீட்டை வெட்டி, வைத்து, சின்ன உருளையால் தேய்க்கிறார். அலுமினியத்தின்மேல் அச்சாகியிருக்கும் மேடுபள்ளங்கள் மறைந்து வழவழப்பாகும் வரை தேய்க்க வேண்டும்; மேடு மறைந்தால்தான் அடியில் காற்று இல்லை என்று பொருள். வெயில் காலத்தில் ரப்பர் தானாக இளகிக்கொடுக்கும், மார்கழியில் சூட்டுக்காற்று காட்ட வேண்டும் என்றார். அப்பளம் காயவைக்கிறவர்கள் பருவம் பார்ப்பதுபோல இவர்களும் பார்க்கிறார்கள்.

முழுக் கதவையும் மூடிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. தட்டுகிறார், காது கொடுக்கிறார், ஓரிடத்தில் ஒரு கையகலத் துண்டு ஒட்டுகிறார், மறுபடி தட்டுகிறார். தகடு எங்கே அதிகம் துள்ளுகிறதோ அங்கேதான் மருந்து. இதை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். கச்சேரிக்கு முன் மிருதங்கக்காரர் தொப்பியின் நடுவில் ரவைப் பசையை அப்புவார், தட்டுவார், ஒரு சிட்டிகை எடுப்பார், ஒரு சிட்டிகை சேர்ப்பார். தோலின் நடுவில் கனம் ஏறினால் சுருதி இறங்கும், துள்ளல் அடங்கும். தகட்டிலும் அதே விதி. தஞ்சாவூர் மேடையில் தோலுக்குத் தெரிந்த இரகசியம் தருமபுரியில் இரும்புக்கும் தெரிந்திருக்கிறது. வித்தியாசம் ஒன்றே: மிருதங்கம் பாடுவதற்காக அடக்கப்படுகிறது, கதவு பாடாமலிருப்பதற்காக.

பிறகு ஓட்டைகள் அடைபட்டன. ஸ்பீக்கர் உட்காரும் இடத்தில் தடித்த வளையம் ஒன்று வந்தது. பூட்டுக்கம்பிகளுக்கும் ஒயர்க்கட்டுக்கும் பஞ்சுத்துணி டேப் சுற்றினார், குழந்தையின் கைக்குக் காப்புப் போடுவது போல. இந்த வேலை முடிந்த கதவின் உட்புறத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள் என்று உங்களைக் கெஞ்சுவேன். ஓரங்கள் நேர்கோடாக, மூலைகள் வளைவாக, எங்கும் சுருக்கமில்லாமல், மழைநாள் ஏரிபோல மங்கிய வெள்ளி. இன்னும் பத்து நிமிடத்தில் பேடு மூடிவிடும். அதன்பின் இந்த அழகை யாரும் பார்க்கப் போவதில்லை. வண்டி பழையதாகி உடைபடும் நாளில் ஒருவேளை இரும்புக்கடைக்காரர் பார்ப்பார். அதற்காகவா இந்த மூலையை இவ்வளவு பதமாக வளைத்தார்? கேட்டேன். "கோணலா இருந்தா எனக்குத் தூக்கம் வராதுங்க" என்றார்.

அடுத்து வந்தது ஒரு பென்சில் செல். கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி. ஸ்பீக்கர் ஒயரின் இரு முனைகளையும் அதில் ஒரு கணம் தொட்டு எடுக்கிறார். கூம்பு வெளிப்பக்கம் மூச்சு விட்டால் இணைப்பு சரி. உள்ளே இழுத்தால் பிளஸ் மைனஸ் மாறிக் கிடக்கிறது. ஒரு கதவு வெளியே தள்ளும்போது மறு கதவு உள்ளே இழுத்தால், பாட்டின் அடிவயிறு காணாமல் போகும். குரல் எந்தத் திசை என்று தெரியாமல் மண்டைக்குள் சுற்றும். ஆயிரக்கணக்கில் விலை போகும் கருவிகளுக்கு நடுவே, தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைக்கும் செல் ஒன்று நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிறது. என் வண்டியில் இடது பின்கதவு எட்டு வருடமாக உள்மூச்சு விட்டுக்கொண்டிருந்ததாம்.

இப்போது ட்வீட்டர். இங்கே கொஞ்சம் உட்காரலாம்.

கதவில் இருப்பது ஆறரை அங்குல ஸ்பீக்கர். அது கீழ், நடுத்தர ஒலிகளைப் பார்த்துக்கொள்ளும். கண்ணாடியோரத் தூணில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே உட்காரும் சின்னஞ்சிறு குமிழ்தான் ட்வீட்டர். ஜால்ராவின் மினுக்கு, புல்லாங்குழலில் காற்று உரசும் ஓசை, 'ச'கரத்தின் ஈரம், எல்லாம் இதன் வேலை. உயர்ந்த ஒலி நேர்க்கோட்டில் போகும், முழங்கால் மறைத்தால் நின்றுவிடும். ஆகவே இதை மேலே ஏற்றுகிறார்கள். ஏற்றியதும் செருப்புக்குப் பக்கத்திலிருந்த பாடகர் எழுந்து நிற்கிறார்.

பட்டறைக்கார அண்ணன் அந்தக் குமிழை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஓர் அங்குல அகலத்தில் அரைக்கோளம். மென்மையான, லேசாகப் பசபசக்கும் கருமை. "தொடாதீங்க, பட்டு" என்றார். பட்டேதான். பட்டுத்துணியைச் சூட்டில் அச்சுக்கு அழுத்திக் குவிமாடமாக்கி, மேலே மெல்லியதாகப் பிசின் பூசுகிறார்கள். உலோகக் குமிழ்களும் உண்டு. அவை பளிச்சென்று இருக்கும், சில நேரம் காதில் கீறும். பட்டுக்குத் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் குணம் உண்டு. அதிர்ந்த கணமே அதிர்வை விட்டுவிடும்.

இதைக் கேட்டபோது என் மனம் பட்டறையை விட்டுக் கிளம்பி ஊருக்குள் இருக்கும் அரசு பட்டுக்கூடு அங்காடிக்குப் போய்விட்டது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து மல்பெரித் தோட்டங்களிலிருந்து வந்து குவியும் வெள்ளைக் கூடுகள். ஏலம் நடக்கும்போது கைகள் அளையும் அந்தச் சலசலப்பு. நல்ல கூடு ஒன்றிலிருந்து ஒரே இழையாக ஆயிரம் மீட்டருக்கும் மேல் நூல் வரும். ட்வீட்டர்க் குமிழ் எந்த நாட்டுப் பட்டோ, யாருக்குத் தெரியும். ஆனால் எங்கள் மாவட்டத்துக்காரன் ஒருவன், பட்டு காதுக்கும் உடுத்தக்கூடியது என்று தெரிந்துகொண்ட நாள் அது. இரவெல்லாம் அரைத்துக்கொண்டிருக்கும் பட்டுப்புழுக்களின் இரைச்சல் இருக்கிறதே, மெல்லிய மழைபோல, அதை ஒருமுறை பதிவுசெய்து இந்தப் பட்டிலேயே கேட்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு ஆசையும் வந்தது.

ஒயரிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், அதுவும் ஒரே ஓர் அழகுக்காக. ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு ஒயர் ஒரு பக்கம் போகிறது, பாட்டைக் கொண்டுவரும் கேபிள் மறுபக்கம் போகிறது. சம்பந்திகள்போல மரியாதையான இடைவெளி. பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ். பாடி எர்த் எடுக்கும் இடத்தில் மட்டும் அண்ணன் உப்புத்தாளை எடுத்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, பெயின்ட் போய் வெறும் இரும்பு மின்னும் வரை தேய்த்தார். பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டுக்குப் பின்னால் 'கீய்ய்ங்' என்று ஒரு கொசு உயரே போகும். ஆல்டர்னேட்டரின் குரல் அது. காசு அகல வெள்ளை இரும்பு அந்தக் கொசுவைக் கொன்றுவிடுகிறது.

ஆம்ப்ளிஃபயரில் 'கெயின்' என்று ஒரு திருகு உண்டு. பெரும்பாலோர் அதைச் சத்தம் கூட்டும் திருகு என்று நினைத்து முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள். நானும் நினைத்தேன். செட் அனுப்பும் மின்னழுத்தத்துக்கும் ஆம்ப் வாங்கிக்கொள்ளும் அளவுக்கும் சம்பந்தம் பேசி முடிக்கும் திருகு அது. எல்லை மீறினால் ஒலியலையின் உச்சி வெட்டுப்படும். கிரானைட்டுக்காக முகடு சீவப்பட்ட குன்றுகளை எங்கள் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். மலை மாதிரியும் இருக்காது, தரை மாதிரியும் இருக்காது. வெட்டுப்பட்ட அலையும் அப்படித்தான். காதுக்குக் கரகரப்பு, பட்டுக்குமிழுக்குக் கொள்ளி. அண்ணன் திருகைப் பாதிக்கும் கீழே நிறுத்தி, மேலே ஒரு பொட்டு வெள்ளை மை வைத்தார், யாரும் தொடக்கூடாது என்று. திருஷ்டிப் பொட்டு.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. பாட்டுப் போட்டார். சுத்தமாக இருந்தது, கனமாக இருந்தது, ஆனால் பாடுகிறவர் என் வலது தோளுக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக நின்றார். இடப்பக்க வாத்தியங்கள் தூரத்துச் சொந்தம்போல எங்கோ. "இனிமேதாங்க வேலையே" என்று அண்ணன் அளவு டேப்பை எடுத்தார்.

ஓட்டுகிறவன் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். என் காதிலிருந்து வலது ட்வீட்டர் 80 சென்டிமீட்டர், இடது ட்வீட்டர் 140. தையற்காரர்போல என் காதோரம் டேப்பை வைத்து அளந்தார், கூச்சமாக இருந்தது. 60 சென்டிமீட்டர் வித்தியாசம். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும். அந்த அறுபதைக் கடக்க அதற்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் 1.7 பங்கு போதும். இது கண் இமைப்பதைவிடப் பல பத்து மடங்கு சின்னது. ஆனால் காது இதைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே ஒலி வந்தால், முதலில் வந்த பக்கத்தையே காது நம்பும். 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் இதை ஆய்ந்து எழுதினார், இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவ்வளவு நேர்மையான காது நமக்கு இருப்பதால்தான் கார் நம்மை ஏமாற்றுகிறது.

மருந்து எளிமையானது, எளிமையினாலேயே அழகானது. அருகிலிருப்பவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது. வலது ட்வீட்டரை 1.7 மில்லிநொடி தாமதிக்கச் செய்தால், தூரத்து இடது வந்து சேர்ந்துகொள்ளும், இருவரும் சேர்ந்து வாசலுக்குள் நுழைவார்கள். பந்தியில் கடைசி ஆள் உட்காரும்வரை முதல் இலைக்காரர் கை வைக்காமலிருப்பது போல.

அண்ணன் லேப்டாப்பில் எண்ணை ஏற்றத் தொடங்கினார். பூஜ்யம். பாடகர் ஜன்னலோரம். அரை. ஓர் அடி உள்ளே வந்தார். ஒன்று. ஸ்டீயரிங்குக்கு நேரே. ஒன்றே கால், ஒன்றரை. நான் மூச்சுவிட மறந்தேன். 1.7-இல் அவர் டேஷ்போர்டின் மேல், கண்ணாடிக்கு அப்பால், பானட்டின் தொடக்கத்தில் வந்து நின்றார். அங்கே ஸ்பீக்கர் இல்லை. வெறும் காற்று. ஆனால் அங்கே ஒரு தொண்டை இருந்தது. அதற்கு உயரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினார், தொண்டை இடப்பக்கம் நழுவியது. திரும்பக் குறைத்தார், வந்து நின்றது. மில்லிநொடியின் நூறில் சில பங்குகளை முன்னும் பின்னும் நகர்த்தி, பிள்ளையாரைப் பீடத்தில் நேராக்குவதுபோல நேராக்கினார்.

அந்த நடு இடம் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல என்பதை நினைக்கும்போது இன்னும் நெகிழ்கிறது. 'பிரியா' படப் பாடல்களை 1978-இல் ஸ்டீரியோவில் பதிவு செய்தபோதே, குரல் எங்கே, கிடார் எங்கே, வயலின்கள் எந்தப் பக்கம் என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். 'மகாநதி'க்குத் தேசிய விருது பெற்றவரும், ரஹ்மானின் எத்தனையோ பாடல்களின் ஒலிக்கலவையைச் செய்தவருமான எச். ஸ்ரீதர் 2008-இல் மறைந்துவிட்டார். அவர் ஒரு தாளத்தை எந்த அங்குலத்தில் வைத்தாரோ, அது பதிவில் அப்படியே காத்திருக்கிறது. தருமபுரிப் பட்டறையில் ஒருவர் டேப் வைத்து அளந்தது, சென்னையில் ஒருவர் வைத்த இடத்துக்கு அதைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பதற்காக. இருவரும் சந்தித்ததே இல்லை.

சமன் பார்க்கும் வேலைக்கு அண்ணன் ஒரு மைக்கை என் தலை இருந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "ஒகேனக்கல்லைப் போடறேன்" என்றார். 'பிங்க் நாய்ஸ்' என்பதற்கு அவர் வைத்த பெயர். 'ஸ்ஷ்ஷ்ஷ்' என்று வண்டி நிறைய ஓர் இரைச்சல். எல்லா ஸ்தாயிகளிலும் சம வலு பங்கிடப்பட்ட ஒலி. அடியில் உறுமல், நடுவில் பொழிவு, மேலே சாரல். கண்ணை மூடினால் பென்னாகரம் தாண்டி இறங்கும்போது முதலில் கேட்குமே அந்தக் காவிரி. 'புகையும் கல்' என்று கன்னடப் பெயர் தாங்கிய பாறைகள்மேல் விழுந்து புகையாகும் நீர். உலகத்தின் ஒலிப் பொறியாளர்கள் யந்திரத்தில் உருவாக்கிக்கொள்வதை எங்கள் மாவட்டம் மலையிலிருந்து கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போது ஒரு சின்னக் கர்வம் வந்தது உண்மை.

திரையில் அந்த அருவி ஒரு வளைகோடாகத் தெரிந்தது. சில இடங்களில் மேடு. கண்ணாடியும் டேஷ்போர்டும் ஒலியைத் திருப்பியடித்துக் கூட்டிவிட்ட இடங்கள். அண்ணன் மேடுகளை மட்டும் தட்டினார். பள்ளங்களை உயர்த்தவே இல்லை. ஏன் என்றேன். "ரெண்டு சத்தம் மோதி செத்த எடம்ங்க அது. எவ்ளோ ஊத்துனாலும் ரொம்பாது." மேடு குறைந்ததும் பள்ளம் தானாகப் பள்ளமாகத் தெரியாமல் போயிற்று. ஏர் ஓட்டியபின் பரம்படித்த வயல்போல ஒரு கோடு; அடிப்பக்கம் மட்டும் சற்றே உயர்ந்து. அதை வேண்டுமென்றே விட்டார். வண்டி ஓடும்போது டயர் இரைச்சல் முதலில் தின்பது கீழ்ஸ்தாயியைத்தான்; அந்தப் பசிக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறார்.

ஊஃபர் பற்றி ஒரு வார்த்தை, அதன்மேல் எனக்கிருந்த பழைய கோபம் தீர்ந்ததற்காக. சீட்டுக்கு அடியில் புத்தகப்பை அளவுக்கு ஒன்று. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். காருக்குள் அது முழுதாக நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை. அதனால் வண்டிக்குள் காற்று முழுவதும் ஒரே மூச்சாக அழுந்தி இளகுகிறது, கார் தானே அதை வளர்த்துக் கொடுக்கிறது. சின்ன ஊஃபர் போதும். அது எங்கே இருக்கிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாததுதான் அதன் பண்பு. தவில் முன்னால் ஒலிக்கிறது, அடி எங்கிருந்தோ வந்து நெஞ்சைத் தொடுகிறது. காட்டிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: பின்னால் நம்பர் பிளேட். 'ஜிர்ர்' என்றது. நான்கு மூலையிலும் பஞ்சுத்துணி வைத்து அதையும் சமாதானப்படுத்தினார்.

முதல் ஓட்டத்துக்குப் பென்னாகரம் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். சொல்லியே ஆக வேண்டிய ஒரு சங்கடம் உண்டு. நல்ல செட் இரக்கமில்லாதது. தமிழ்நாட்டில் எல்லாக் கார்களிலும் கிடக்கும் அந்தப் பென் டிரைவ், முந்நூறு பாட்டு அடங்கியது, யாரோ யாரிடமிருந்தோ நகலெடுத்தது, அதன் ஏழைமை முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. சுருக்கிச் சுருக்கி ஏற்றிய பாட்டில் ஜால்ரா, சல்லடையில் சலித்த மணல்போலக் கொட்டியது. தருமபுரிப் பண்பலை 102.5-இல் குரல்கள் இதமாக வந்தன. பண்பலை 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கொண்டுவராது, ஆனாலும் அந்த மென்மைக்கும் ஒரு சொந்த அழகு உண்டு. மலைத் திருப்பங்களில் அது மங்கி மங்கித் துலங்குவதைக்கூட நான் ரசித்தேன். பிறகு, சுருக்காமல் வாங்கி வைத்திருந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பு. 1986-இல் வந்தது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியது. கேசட் காலத்தில் நாடா தேயத் தேயக் கேட்டதுதான். வயலின்கள் ஒரே திரையாக விழும் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். அன்று அந்தத் திரை இழை இழையாகப் பிரிந்தது. வில் திரும்பும் இடத்தில் ஒரு மெல்லிய உரசல். வாசிப்பவர் ஒருவர் தோளைச் சற்று இறக்கியிருப்பார் போலிருக்கிறது என்று நினைக்குமளவுக்கு அருகில். சாலையோரம் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். புளியமரத்தடியில் வயலின்கள் மட்டும்.

மறுவாரம் அம்மாவை ஊரிலிருந்து அழைத்துவரப் போனேன். திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர் இரவுக் கூத்தை என் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். போட்டேன். முகவீணை சீறிக்கொண்டு எழுந்தது. அதற்குப் பின்னால், இதுவரை எனக்குக் கேட்டேயிராத ஒரு தாழ்ந்த உறுமல். "ஜெனரேட்டரு" என்றார் அம்மா உடனே. "மேடைக்குப் பின்னால வச்சிருந்தாங்க. எவ்ளோ சொல்லியும் தள்ளி வைக்கல." ஒரு குழந்தை அழுதது. யாரோ இருமினார்கள். அந்த இருமல் யாருடையது என்றும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச தூரம் போனபின் சொன்னார்: "ஏன் கண்ணு, எனக்கு இந்த ஜன்னல் பக்கமாவே கேக்குது? மேளம் எல்லாம் என் காதுகிட்டவே அடிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. இடது ட்வீட்டர் அவருக்கு ஏற்கெனவே பக்கம். போதாததற்கு வலது பக்கத்தை எனக்காகக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. என்னை நேராக்கிய 1.7 அவருக்கு இரட்டிப்பாகி 3.4 ஆகியிருக்கிறது. நடு மேடை எனக்கு, ஓரத்து மூலை அம்மாவுக்கு. அண்ணன் முதல் நாளே கேட்டாரே, தனியா போவீங்களா என்று.

அவர் அதற்கும் வழி வைத்திருந்தார். இரண்டாவது பொத்தான், இடது இருக்கைக்காக எண்களைத் திருப்பிப் போட்டது. அழுத்தினேன். மிருதங்கம் என் முகத்துக்கு நேரிலிருந்து கிளம்பி வலது ஜன்னலுக்கு ஓடியது. எனக்குப் பாட்டு மறுபடி கோணலாயிற்று. அம்மா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். கண்ணாடிக்கு அப்பால், பானட்டின் மேல், ஏதோ ஓரிடத்தைப் பார்த்தபடி விரலால் மடியில் தாளம் போடத் தொடங்கினார். பாலக்கோடு வரும்வரை நான் பொத்தானைத் தொடவில்லை.